மேற்குச் சுவரில் ஒரு கால்

இடிக்கும் முன் அளந்துவிட வேண்டும் என்பது விதி.
அதனால் வந்தோம் நானும் மரிசெல்லும்,
நாடா, ஏணி, மூன்று பென்சில்.
தெற்கு நியூ ஜெர்சியில் உப்புச் சதுப்பு முடிந்து
சோயா வயல் தொடங்கும் மேட்டில்
பாதிக் கூரை போன பண்ணை வீடு.
டிராக்டரை அணைக்காமலே கர்ட் ஸ்டோவர் சொன்னார்:
“மாடியில் கழுகு குஞ்சு பொரித்திருக்கிறது.
சீறும். கடிக்காது.”

முன்சுவர் பதினெட்டு அங்குலம்.
ஒரு செங்கல் உடலை நீட்டிக் கிடக்கும்,
அடுத்தது தலையை மட்டும் காட்டும்,
மறுபடி உடல், மறுபடி தலை,
மூட்டின் மேல் மூட்டு விழாத ஒழுங்கு.
காரையை நகத்தால் சுரண்டினேன்,
வேகாத சிப்பி ஒன்று முழுசாக உதிர்ந்தது.

உள்ளே தளம் இல்லை.
உத்திரங்கள் செருகியிருந்த குழிகள் மட்டும் சுவர் நெடுக,
குழிக்கு ஒரு குளவிக்கூடு.
கணப்பை ஒட்டிச் சுவருக்குள்ளேயே சுழலும் படிக்கட்டு
ஏழு படி ஏறி, எட்டாவதில் வானம்.
மரிசெல் கணப்புக்குள் நின்று கைகளை விரித்தாள்.
இரு பக்கமும் எட்டவில்லை.
“வைன்லாண்டில் என் அறையே இவ்வளவு கிடையாது.”

மேற்கு முக்கோணச் சுவரில்தான் எழுத்து.
சூளையில் நெருப்பு வாயருகே அடுக்கிய கல்
தலைப்பக்கம் உருகிக் கருநீலக் கண்ணாடியாகும்.
அவற்றைப் பொறுக்கியெடுத்து
சிவப்பின் மேல் எழுதியிருக்கிறான் கொத்தன்:
1738.
அதற்கு மேல் ஓர் எம். கீழே ஐ, ஆர்.

எம், மேஸ்கர் குடும்பம்.
ஐ, ஐசக்.
ஆர், ரேச்சல்.
ஆனால் ரேச்சல் இந்த வீட்டுக்கு வந்தது
1741, எட்டாம் மாதம்
என்கிறது, மாதங்களைப் பெயர் சொல்லி அழைக்காத
அவர்கள் சபையின் பதிவேடு.
அதற்கு முன்னால் ஒரு ஃபீபி.
அவர்கள் எழுத்தில் பி-யில் தொடங்கும் பெயர்.
மணநாள், புதைத்த நாள், அவ்வளவுதான்.

ஏணியில் ஏறிப் பார்த்தேன்.
ஆரின் சாய்ந்த காலில் மட்டும் காரை வெளுப்பு.
ஐந்து கல். குடைந்தெடுத்துவிட்டுச் செருகியவை.
பி-க்கு ஒரு கால் முளைத்தால் ஆர்.
“சிக்கனமான ஆள்,” என்றாள் மரிசெல் கீழிருந்து.
கொஞ்சம் பொறுத்து,
“அவளிடம் கேட்டிருப்பானா?”
பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

ஸ்டோவர் காப்பியோடு வந்தார்.
ஃபிலடெல்ஃபியாவில் மதுக்கூடம் திறக்கும் ஒருவர்
கறுப்புக் கல்லுக்கு மட்டும் நாலு டாலர் தருகிறாராம்.
“கூரைக்கு எண்பதாயிரம் கேட்டார்கள்.
அப்பா காலத்தில் ஐயாயிரம்.
அப்போதும் இல்லை.”
ஒரே மூடியில் மூவரும் குடித்தோம்.

ஏழரை மணி வாக்கில்
வெயில் சதுப்பைக் கடந்து சுவரில் ஏறியது.
கண்ணாடி பூத்த கற்கள் ஒவ்வொன்றாய்ப் பற்றின:
ஆண்டு,
எம்,
ஐ,
பி.

கால் பற்றவில்லை.
அந்த ஐந்தும் வேறு சூளை,
கறுத்தவை, உருகாதவை.

பகலெல்லாம் ஆர். மேகமூட்டத்திலும் ஆர்.
மாடு கறந்து வாளியோடு
அவள் திரும்பும் நேரத்தில் மட்டும்
சுவர் மற்றவளைக் கூப்பிடும்.

நாடா சுருட்டிய கை பாதியில் நின்றிருந்தது மரிசெல்லுக்கு.

வரைதாளில் சுவரை முடித்து எழுத்துக்கு வந்தேன்.
இருப்பதற்கு முழுக்கோடு,
இல்லாததற்குப் புள்ளிக்கோடு, எங்கள் வழக்கம்.
காலைப் புள்ளியில் போட்டேன்.
நாற்பது வருஷம் அந்த வாளியைச் சுமந்தவள்
அவள்தானே.
அழித்துவிட்டு முழுக்கோடாக இழுத்தேன்.

ரப்பர் தேய்த்த சாம்பல் தடம்
தாளிலிருந்து போகவில்லை.